நியூ ஆர்லியன்ஸ் இசையியல் மாநாடு: ஓட்டலுக்குள்ளேயே இருப்பதா, ஊருக்குள் இறங்குவதா?

கொன்றை:

வணக்கம். இன இசையியலில் முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் ஆண்டு. நவம்பர் 10 முதல் 13 வரை நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்க இசையியல் கழகம், இன இசையியல் கழகம், இசைக் கோட்பாட்டுக் கழகம் மூன்றும் சேர்ந்து நடத்தும் 2022 மாநாட்டில் வெள்ளிக்கிழமை காலை பேப்பர் வாசிக்கிறேன். ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கும் நையாண்டி மேளம் பற்றியது. இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு இப்போதுதான் முதல் தடவை போகிறேன்.

ஒரே நேரத்தில் ஏகப்பட்ட அமர்வுகள். நடுவில் கச்சேரிகள், இரவில் பல்கலைக்கழகங்களின் வரவேற்புகள், அதற்கு மேல் ஊர் சுற்றும் ஆசை வேறு. துறையில் கொடுத்த பயணப்பணம் விமானத்துக்கும் அறை வாடகையில் என் பங்குக்குமே சரியாகிவிட்டது. "மாநாட்டுக்குப் போனால் மாநாட்டில் இரு" என்கிறார் என் நெறியாளர். ஜாஸ் பிறந்த ஊருக்குப் போய் ஓட்டல் கம்பளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா? எதை விடலாம், எதை விடக்கூடாது? போனவர்கள் சொல்லுங்கள்.

நாலுகட்டை:

வாழ்த்துகள், கொன்றை. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

மதிய இடைவேளையில் ஓட்டலிலேயோ பக்கத்துத் தேவாலயத்திலேயோ நடக்கும் கச்சேரிகளுக்குத் தனியாகப் பணம் கிடையாது. ஆய்வாளரே வாத்தியத்தின் முன் உட்கார்ந்து, பழைய கையெழுத்துப் படியில் இப்படி இருக்கிறது, அச்சில் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இரண்டையும் வாசித்துக் காட்டுவார். மியூசிக் அகாடமியில் டிசம்பர் காலை விரிவுரை விளக்கங்களுக்குப் போய்ப் பழகியவருக்கு இது புதிதே இல்லை. கூட்டம் குறைவாக இருக்கும் என்பதால் முடிந்ததும் வாத்தியத்தருகே போய்ப் பேசலாம். அமர்வில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்பதைவிட அங்கே அறிமுகம் எளிதில் கிடைக்கும்.

இன இசையியல்காரர்களுக்கு மாநாட்டுக்கு முந்தைய நாளே உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு சிறு கருத்தரங்கு நடத்தும் வழக்கம் உண்டு. பெரும்பாலும் அந்த ஊர் இசை பற்றியே இருக்கும், உள்ளூர்க் கலைஞர்களும் மேடையேறுவார்கள். ஒருநாள் முன்னதாக வர முடிந்தால் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

இரவு வரவேற்புகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாணவர்களுக்கு இரவுச் சாப்பாடு அங்கேதான்.

ஊர் பற்றி ஒரு பழைய சேதி. 2012இல் இதே மூன்று கழகங்களும் இதே ஊரில் நவம்பர் 1ஆம் தேதி கூடின. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் சாண்டி புயல் நியூயார்க், நியூ ஜெர்சி கரையில் அடித்திருந்தது. விமானம் இல்லாமல் வடகிழக்கிலிருந்து பலர் வரவில்லை. வாசிக்க ஆளில்லாத அமர்வுகளை விட்டு வெளியே வந்தவர்கள் நேரே இசை விடுதிகள் வரிசையாக இருக்கும் ஃப்ரெஞ்ச்மென் ஸ்ட்ரீட்டுக்குப் போனார்கள். அவர்களில் யாரும் வருத்தப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

மதுரைக்காரன்_ஒஹாயோ:

சார் சொல்றது கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சாருக்கு வேலை நிரந்தரமாகி எத்தனையோ வருஷம் ஆச்சு. இந்தப் பிள்ளை இன்னும் நாலு வருஷத்துல வேலைச் சந்தைக்கு வரணும்.

நான் பச்சையாச் சொல்றேன். இந்த மாநாட்டுக்கு எதுக்குப் போறோம்? நாம படிச்ச புத்தகத்தை எழுதினவங்க எல்லாம் ஒரே லிஃப்ட்ல ஏறி இறங்குவாங்க. பதிப்பகக்காரங்க புத்தகக் கடை போட்டு உட்கார்ந்திருப்பாங்க. உன் ஆய்வேடு நாளைக்குப் புத்தகமாகணும்னா அந்த மேசை முன்னாடி நின்னு பேசணும். இதெல்லாம் வருஷத்துக்கு ஒருக்கா. நியூ ஆர்லியன்ஸ் எங்கேயும் ஓடிப்போகாது, அப்புறம் குடும்பத்தோட போய்க்கலாம்.

பஸ்ல ஏத்தி ஊர் காட்டுற ஏற்பாட்டுல ஒருதடவை வேற ஊர்ல மாட்டினேன், பேர் வேண்டாம். பாதி நேரம் வழிகாட்டி பழைய பணக்காரங்க வீட்டு விலையைச் சொல்லிக்கிட்டு வந்தார். இசைன்னு பார்த்தா திரும்பி வரும்போது ஸ்பீக்கர்ல போட்ட ரெண்டு பாட்டுதான். அந்தக் காசுல ரெண்டு புத்தகம் வாங்கியிருக்கலாம்.

நூலகப்பூனை:

பஸ் வேண்டாம் என்பதில் மதுரைக்காரரோடு ஒத்துப்போகிறேன். மற்றதில் இல்லை.

கொன்றை, நீங்கள் ஆய்வாளர். அந்த ஊருக்குப் போவதற்கு உங்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத காரணம் ஒன்று உண்டு, ஆவணக் காப்பகங்கள். டுலேன் பல்கலைக்கழகத்தில் ஹோகன் ஜாஸ் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஃபோர்டு அறக்கட்டளைப் பணத்தில் 1958இல் தொடங்கியது. முதல் தலைமுறை ஜாஸ் கலைஞர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். வில்லியம் ரஸ்ஸல், ரிச்சர்ட் ஆலன் போன்றவர்கள் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அவர்களைப் பேசவைத்தார்கள். புகழ்பெற்றவர்கள் மட்டும் இல்லை. பகலில் கூரை வேய்ந்து, சுருட்டு சுற்றி, கொத்து வேலை பார்த்து, சாயங்காலம் பித்தளை வாத்தியம் வாசித்தவர்களும் அதில் பேசுகிறார்கள். சவ ஊர்வலத்தில் எந்த இடத்தில் மெதுவான பாட்டு, எந்த இடத்தில் வேகம் கூட்டுவது, கூலி எவ்வளவு, வெயிலில் சீருடை எப்படி இருந்தது என்பதெல்லாம் அவர்கள் வாயாலேயே இருக்கிறது. நையாண்டி மேளத்துக்காரர்களிடம் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகள்தான் இவை என்று நினைக்கிறேன்.

கேனல் ஸ்ட்ரீட்டில் செயின்ட் சார்ல்ஸ் வழித்தட டிராமைப் பிடித்தால் டுலேன் வாசலிலேயே இறங்கலாம். டிக்கெட் 1.25 டாலர், நாள் முழுக்கச் சுற்ற 3 டாலர் பாஸ். 1835 முதல் ஓடும் வழித்தடம் அது. ஓக் மரங்களுக்கு நடுவே ஆடி அசைந்து போகும், அவசரத்துக்கு ஆகாது. போகுமுன் மின்னஞ்சல் எழுதி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடந்தே போக வேண்டும் என்றால் சார்ட்ரஸ் தெருவில் 'ஹிஸ்டாரிக் நியூ ஆர்லியன்ஸ் கலெக்‌ஷன்' நிறுவனத்தின் ஆய்வு மையம். மேலே சொன்ன அதே ரஸ்ஸல் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஜாஸ் திரட்டு அங்கேதான் இருக்கிறது.

ஸ்காபரோ_பனை:

நான் உங்கட மாநாட்டுக்காரன் இல்லை, அமெரிக்க இசைக் கழகத்துக்காரன். 1975இல சோனெக் கழகம் எண்டு தொடங்கினது. அவை பங்குனியில சின்னதாக் கூடுவினம், வெள்ளிக்கிழமை பின்னேரம் அமர்வு வையாமல் ஊர் பார்க்க விடுறது அவையின்ர வழமை. அதால ஊர் பார்க்கிறதை ஒரு குற்றமா ஆரும் நினைக்கிறதில்லை. பேராசிரியர், மாணவர் எல்லாரும் ஒண்டாத்தான் போறது. லொபியில ரெண்டு நிமிசம் கதைக்கிறவர், நடந்து போகேக்க ரெண்டு மணித்தியாலம் கதைப்பார். மதுரைக்காரர் இதைக் கொஞ்சம் யோசிக்கவேணும்.

2018இல கன்சாஸ் சிற்றிக்குப் போனனான். 18ஆம் தெருவும் வைனும் சந்திக்கிற இடத்தில அமெரிக்கன் ஜாஸ் மியூசியம். அதுக்குள்ள ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசிச்ச பிளாஸ்ரிக் சாக்ஸபோன் கண்ணாடிப் பெட்டியில இருக்கு, கிராஃப்டன் கொம்பனி செய்தது. 1953இல எங்கட ரொறன்ரோ மாசி ஹோலில அவர் வாசிச்சது அதாலதான். 1994இல ஏலத்தில 93,500 பவுண் குடுத்து அந்த நகரசபை வாங்கினது. நான் எத்தனை தரம் மாசி ஹோலைக் கடந்து வேலைக்குப் போயிருப்பன், அந்தச் சாமானை வடிவாப் பார்க்க கன்சாஸ் வரைக்கும் போகவேண்டி வந்திட்டுது!

மியூசியத்தில இருந்து கொஞ்சத் தூரத்தில ஹைலண்ட் அவெனியூவில ஒரு சின்னக் கட்டடம். கறுப்பின இசைக்கலைஞர்களின்ர தொழிற்சங்கம், உள்ளூர்க் கிளை 627, 1930இல இருந்து வைச்சிருந்தது. இப்ப மியூச்சுவல் மியூசிசியன்ஸ் ஃபவுண்டேஷன் எண்டு பேர். வெள்ளி, சனி இரவு மற்றக் கடையளில வாசிச்சு முடிச்ச ஆக்கள் ஒரு மணிக்குப் பிறகுதான் அங்க வருவினம். விடியும்வரை நடக்கும். அடுத்தநாள் காலை அமர்வில கண் சொருகினது உண்மை. ஆனால் ஸ்விங் தாளத்தைப் பற்றி நான் வாசிச்ச கட்டுரையள் எல்லாம் அந்த இரவுக்குப் பிறகுதான் விளங்கினது.

நியூ ஆர்லியன்ஸ் எண்டால் ஒண்டே ஒண்டுதான் சொல்லுவன், ஞாயிற்றுக்கிழமை செகண்ட் லைன், பித்தளை பேண்டுக்குப் பின்னால சனமும் சேர்ந்து ஆடி நடக்கிற தெரு ஊர்வலம். அதை விட்டிட்டு வந்தால் பிறகு என்னோட கதைக்காதேங்கோ.

கொன்றை:

ஆவணக் காப்பகம் பற்றி யோசித்தே பார்க்கவில்லை, நன்றி நூலகப்பூனை. செகண்ட் லைன் காணொளிகள் பார்த்திருக்கிறேன். ஒரு தயக்கம். அது அவர்கள் தெரு, அவர்கள் விழா. பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் இறங்கும் ஊரில் நானும் போய்ச் செல்பேசியைத் தூக்குவது சரியா? என் கிராமத்தில் நானே பதிவுக்கருவியோடு நிற்கும்போது கூச்சமாக இருக்கும்.

தெருக்கோடி:

சரியான கேள்வி. மேலே யாரும் இதைத் தொடவில்லை.

காட்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸின் லோயர் நைன்த் வார்டு பகுதியில் என்ன நடந்தது என்று பாருங்கள். வீடு இடிந்து மக்கள் நிற்கிறார்கள், கண்ணாடி ஏற்றிய சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து படம் எடுத்துப் போகின்றன. 2006இல் நகர மன்றம் அந்தப் பகுதிக்குள் சுற்றுலா பஸ்கள் வரக்கூடாது என்று சட்டமே போட்டது. அதே வார்டில் ரொனால்டு லூயிஸ் என்ற ஓய்வுபெற்ற டிராம் தொழிலாளி தன் வீட்டுப் பின்கட்டில் 'ஹவுஸ் ஆஃப் டான்ஸ் அண்ட் ஃபெதர்ஸ்' என்று அருங்காட்சியகம் வைத்திருந்தார். மார்டி கிரா இந்தியர்கள் (திருவிழாவுக்கு அமெரிக்கப் பழங்குடியினர் பாணியில் உடுத்தும் கறுப்பினக் குழுவினர்) ஆண்டுதோறும் புதிதாகத் தைக்கும் மணி, இறகு உடுப்புகள், செகண்ட் லைன் சங்கங்களின் விசிறிகள், குடைகள். யார் வந்தாலும் உட்காரவைத்துப் பேசுவார். மானிடவியலாளர்களோடு சேர்ந்து அந்தத் திரட்டைத் தானே நூலாகவும் ஆக்கினார். 2020 மார்ச்சில் கொரோனாவில் போய்விட்டார். இரண்டு பேரும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான், பஸ்ஸில் வந்தவரும் அவர் வீட்டில் உட்கார்ந்தவரும். யார் வழிகாட்டுகிறார், பணம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

செகண்ட் லைன் நடத்துபவை 'சோஷியல் எய்ட் அண்ட் ப்ளெஷர்' சங்கங்கள். ஆதியில் இவை உறுப்பினருக்கு வைத்தியச் செலவு, சாவுச் செலவு பார்த்த உதவிச் சங்கங்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஆண்டில் ஒரு ஞாயிறு. பேண்டுக்குக் கூலி, உடுப்பு, போலீஸ் அனுமதிக் கட்டணம் எல்லாம் அவர்கள் கைப்பணம். 2006இல் ஓர் ஊர்வலத்தையொட்டித் துப்பாக்கிச்சூடு நடந்ததைக் காரணம் காட்டி நகர நிர்வாகம் அந்தக் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றியது. சங்கங்கள் கூட்டாகக் கூட்டாட்சி நீதிமன்றம் போய் 2007இல் சமரசத்தில் குறைக்கவைத்தன. ஆக நீங்கள் பார்க்கப்போவது, தெருவில் நடக்கும் உரிமையை வழக்காடி வாங்கியவர்களின் ஊர்வலம்.

பின்னால் சேர்ந்து நடக்க யாருக்கும் தடை இல்லை, கூட்டம் சேர்வதுதான் அதன் பெருமை. கயிறு கட்டிய வளையத்துக்குள் சங்கத்தாரும் பேண்டும் மட்டும். நீங்கள் வெளியே, பக்கவாட்டில். நின்று வேடிக்கை பார்க்காமல் நடங்கள். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். வண்டியில் வைத்துச் சாப்பாடு விற்பவரிடம் வாங்கிச் சாப்பிடுங்கள். சட்டைப்பையில் சில்லறை நோட்டு இருக்கட்டும். பேட்ஜைக் கழற்றி அறையில் வையுங்கள், தயவுசெய்து!

வழித்தடம் வாரத்துக்கு வாரம் மாறும். டபிள்யூ.டபிள்யூ.ஓ.இஸட் வானொலி தன் தளத்தில் அந்த வாரத்து வழியை நிறுத்தங்களோடு போடும். பேண்டு கிளெய்போர்ன் அவென்யூ மேம்பாலத்துக்கு அடியில் போகும் வழியாக அமைந்தால் விடாதீர்கள். 1960கள் வரை அந்த அவென்யூ நடுவில் ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. கறுப்பின மக்களின் கடைத்தெரு, கூடுமிடம் எல்லாம் அந்த நிழலில். மரங்களை வெட்டி ஐ-10 நெடுஞ்சாலையைத் தூக்கி நிறுத்தினார்கள். இன்றைக்கும் ஊர்வலம் அந்த வழியை விடவில்லை. கான்கிரீட்டுக்கு அடியில் ட்ரம்பெட்டும் சூசஃபோனும் மோதித் திரும்பும் சத்தத்துக்காகவே பேண்டுகள் அங்கே கொஞ்சம் மெதுவாகின்றன.

மட்டுறுத்துநர்:

செகண்ட் லைனை வைத்து 'நம்ம ஊர் சாவு மேளம்தான் எல்லாத்துக்கும் மூலம்' என்று ஆரம்பித்த பதிவும் அதற்கு வந்த ஏழெட்டு பதில்களும் நீக்கப்பட்டன. அதற்குத் தனி இழை திறந்து அடித்துக்கொள்ளவும்.

நாலுகட்டை:

நீக்கியது நல்லது. ஆனால் மெய்யான தொடர்பு ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுங்கள். இன இசையியல் கழகம் 2008இல் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுனில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் அழைப்பில் கூடியது. டி. ரங்கநாதனும் டி. விஸ்வநாதனும் ஆண்டுக்கணக்கில் மிருதங்கமும் புல்லாங்குழலும் சொல்லிக்கொடுத்த இடம். அவர்கள் சகோதரி பாலசரஸ்வதியும் அங்கே கற்பித்திருக்கிறார். 1970களிலிருந்து ஆண்டுதோறும் நவராத்திரி விழா நடக்கிறது. அந்த மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு உள்ளூர் இசை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் கர்நாடக சங்கீதத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஓர் ஊரின் இசை எது என்பதை அங்கே வந்து தங்கியவர்களும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள்.

தெருக்கோடி:

கையில் காசு இல்லாதவருக்கான நடை ஒன்று சொல்கிறேன், கொன்றை. டிக்கெட் கிடையாது, ஒரு பகல் போதும். ஒரு எச்சரிக்கை: பல இடங்களில் பார்க்க ஒன்றும் இருக்காது. அதற்காகவே போகச் சொல்கிறேன்.

கேனல் ஸ்ட்ரீட்டின் மேல்புறம் சவுத் ராம்பார்ட் தெரு 400ஆம் எண் பகுதி. பெர்டிடோ மூலையில் ஈகிள் சலூன் கட்டடம். மேல்மாடி மண்டபத்தில் பட்டி போல்டன் வாசித்திருக்கிறார். ஜாஸின் முதல் அரசன் என்று எல்லாரும் சொல்லும் அந்தக் கார்னெட்காரரின் ஒலிப்பதிவு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. 1931இல் மனநல விடுதியில் இறந்து, ஹோல்ட் கல்லறைத் தோட்டத்தில் அடையாளமில்லாத குழியில் கிடக்கிறார். நாம் கையில் வைத்திருப்பது அவரைக் கேட்டவர்கள் பிற்காலத்தில் சொன்னதை மட்டும்.

அதே தெருவில் கார்னோஃப்ஸ்கி கடை இருந்தது. லிதுவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். பின்னாளில் ஜாஸ் மேதையான லூயி ஆம்ஸ்ட்ராங் சிறுவனாக அவர்களுடைய பழைய சாமான் வண்டியிலும் கரி வண்டியிலும் வேலை பார்த்தான், தகரக் குழலை ஊதி வாடிக்கையாளரைக் கூப்பிட்டான். முதல் கார்னெட் வாங்க முன்பணம் தந்ததும் அவர்கள்தான். 1969இல் மருத்துவமனைப் படுக்கையில் இருந்துகொண்டு அந்தக் குடும்பத்தைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக எழுதினார். கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பேச்சு நடந்தது. 2021 ஆகஸ்ட் 29, ஐடா புயலில் சரிந்து செங்கல் குவியலானது.

கேனலைத் தாண்டினால் தெருவின் பெயர் நார்த் ராம்பார்ட். இடதுபக்கம் ஆம்ஸ்ட்ராங் பூங்கா, அதற்குள் காங்கோ சதுக்கம். அடிமைகள் ஞாயிற்றுக்கிழமை கூடுவதை 1817இல் நகர ஆணை ஒன்று ஒரே இடத்துக்குள் அடக்கியது. 1819இல் கட்டடக்கலைஞர் பெஞ்சமின் லாட்ரோப் இந்தச் சத்தத்தைக் கேட்டு வந்து, பார்த்த முழவுகளையும் தந்தி வாத்தியத்தையும் நாட்குறிப்பில் வரைந்து வைத்தார். அவருக்கு அந்த இசை துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் வரைந்ததை வைத்துத்தான் இன்றைக்கும் நாம் பேசுகிறோம். பூங்கா அழகாக இருக்கும். ட்ரெமே பகுதி வீடுகளை இடித்து எடுத்த நிலம் அது என்பதை அந்த அழகு சொல்லாது.

பூங்காவுக்கு எதிரே டுமேன் தெரு மூலையில் ஒரு சலவைக்கடை. உள்ளே போங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். கோசிமோ மட்டாசாவின் ஜே அண்ட் எம் ஒலிப்பதிவுக்கூடம் இருந்த இடம். ஃபேட்ஸ் டாமினோ 1949 டிசம்பரில் 'த ஃபேட் மேன்' பாட்டை இங்கேதான் பதிவு செய்தார். 1955இல் லிட்டில் ரிச்சர்ட் 'டூட்டி ஃப்ரூட்டி'யும் இங்கேதான். ஒரு சிறிய அறை, விரல்விட்டு எண்ணும் ஒலிவாங்கிகள், பாடகரும் வாத்தியக்காரர்களும் நெருக்கியடித்து நின்று ஒரே ஓட்டத்தில் பதிவு. பக்கமேளம் யார் எவ்வளவு தள்ளி நிற்பது என்பதில்தான் ஒலி அளவுகள் முடிவாகும். அந்தப் பாட்டுகளைக் காதில் மாட்டிக்கொண்டு சலவை இயந்திரங்களுக்கு நடுவில் நின்று அறையின் அகலத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள். எந்த அமர்வும் இதைக் காட்டாது.

மேற்கத்திய செவ்விசைக்காரர்கள் யாராவது கூட வந்தால் போர்பன், டூலூஸ் தெருக்கள் கூடும் மூலைக்குக் கூட்டிப்போங்கள். 1859இல் கட்டிய ஃப்ரெஞ்சு ஆப்பரா ஹவுஸ் 1919இல் எரிந்த இடம், இப்போது ஓட்டல். இந்த ஊரில் 1796லேயே ஆப்பரா நடந்திருக்கிறது என்பதை ஜாஸ்காரர்களும் மறந்துவிடுவார்கள்.

ட்ரெமேயில் பேக்ஸ்ட்ரீட் கல்ச்சுரல் மியூசியமும் உண்டு. சில்வெஸ்டர் ஃபிரான்சிஸ் உருவாக்கியது, அவர் 2020இல் இறந்தார். ஐடாவில் பழைய கட்டடம் சேதமாகி, இப்போது செயின்ட் பிலிப் தெருவில். அங்கே நுழைவுக்கட்டணம் கொடுப்பது நல்ல செலவு.

மதுரைக்காரன்_ஒஹாயோ:

நையாண்டி மேளம் பத்திப் பேப்பர் வாசிக்கிற பிள்ளையை செகண்ட் லைனுக்குப் போகாதேன்னு சொன்னா எங்க ஊர்ல என்னைச் சேர்க்கமாட்டாங்க. அதனால அது மட்டும் வாபஸ். மத்தபடி நான் சொன்னது சொன்னதுதான். வெள்ளி, சனி ரெண்டு நாளும் மதியம் வரைக்கும் ஓட்டலை விட்டு நகராதே. உன் அமர்வுல கூட வாசிக்கிற மூணு பேர் பேப்பரையும் கேளு. முடிஞ்சதும் அவங்களையே கூட்டிக்கிட்டு அந்தச் சலவைக்கடைக்குப் போ. ரெண்டும் ஆச்சு.

ப்ரிசர்வேஷன் ஹாலுக்கு எல்லாரும் கூப்பிடுவாங்க. 1961லேர்ந்து இருக்குற இடம். பழைய ஜாஸை வாசிக்கக் கூலி கிடைக்காம வயசாகிப்போன கலைஞர்களுக்காக ஆரம்பிச்சது. சின்ன அறை, மரப் பெஞ்சு, குடிக்க எதுவும் கிடைக்காது, முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிரும். விரும்பின பாட்டு கேட்டா எவ்வளவுன்னு ஒரு பழைய விலைப்பலகை உண்டு, அதுல 'வென் த செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்' பாட்டுக்குத்தான் விலை அதிகம். அதே பாட்டைத் தினமும் வாசிச்சு எவ்வளவு நொந்திருப்பாங்கன்னு அந்தப் பலகையைப் பார்த்தாலே தெரியும். டிக்கெட் விலை உனக்குக் கட்டுபடியானா போ, இல்லேன்னா ஃப்ரெஞ்ச்மென் ஸ்ட்ரீட்ல வாசல்ல நின்னே கேட்கலாம். வாளியில காசு போடாம நகராதே.

ஸ்காபரோ_பனை:

மதுரை இறங்கி வந்திட்டார்!

அடுத்த பங்குனியில உங்களுக்கு ஏலுமெண்டால் எங்கட கழகத்துக்கும் வாங்கோ. அங்க ஒரு இரவு ஷேப் நோட் பாட்டு, சுரங்களை வடிவங்களால எழுதிப் பாடுறது, வைக்கிறவை. 1844இல ஜோர்ஜியாவில வந்த 'சேக்ரட் ஹார்ப்' புத்தகம். முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, வைரம் மி. கேட்டுக்கொண்டிருக்கிற சபை எண்டு ஒண்டு இல்லை. நாலு குரல்காரரும் சதுரமா ஒருத்தரையொருத்தர் பார்த்து இருந்து தங்களுக்காகவே பாடுறது. முதல்ல சுரத்தைப் பாடி முடிச்சுத்தான் சாகித்தியத்துக்குப் போகோணும். கீதம் படிச்ச ஆக்களுக்கு அதைச் சொல்லித் தரவே தேவையில்லை, என்ர மனுசி முதல் தரமே பிடிச்சிட்டா. பெரிய பெரிய பேராசிரியர்மார் பக்கத்தில இருந்து தொண்டை கிழியக் கத்துவினம். அதுக்குப் பிறகு அவையளைப் பார்க்கப் பயம் வராது.

2019இல நியூ ஆர்லியன்ஸில கூடினபோது மாநாடு மார்ச் 20இல தொடங்கினது. முதல்நாள் இரவு புனித யோசேப்பு இரவு, மார்டி கிரா இந்தியர்கள் புது உடுப்போட தெருவில இறங்கிற நாள். நிகழ்ச்சி நிரலுக்கு ஒருநாள் முன்பின் ஊரில என்ன நடக்குது எண்டு பார்த்து ரிக்கற் போடுறது அதுக்குத்தான்.

கொன்றை:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சின்னக் கேள்விகள். நான் சைவம், அங்கே என்ன கிடைக்கும்? ஞாயிறு மதியம் 1.40க்கு விமானம் போட்டிருக்கிறேன், செகண்ட் லைன் அதற்குள் முடியுமா?

நூலகப்பூனை:

சைவத்துக்கு அது கொஞ்சம் கஷ்டமான ஊர். சிவப்பு மொச்சையும் சோறும் என்று பார்த்ததும் ராஜ்மா என்று பாயாதீர்கள், பன்றித் தொத்திறைச்சி உள்ளே இருக்கும். கும்போ என்ற குழம்பில் வெண்டைக்காய் மிதக்கும், கூடவே இறாலும். நம் சௌசௌவை அங்கே மிர்லிட்டன் என்று வீட்டுக்கு வீடு சமைப்பார்கள், அதிலும் இறாலைத்தான் அடைப்பார்கள். ஒவ்வொன்றையும் கேட்டு வாங்குங்கள். கஃபே டு மோண்ட் கடையில் பெய்ன்யே (சர்க்கரை தூவிய மாவுப் பொரியல்) தைரியமாகச் சாப்பிடலாம், கறுப்புச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். சர்க்கரைத் தூள் பறக்கும். வரவேற்புகளில் சீஸும் பழமும் எப்போதும் உண்டு.

தெருக்கோடி:

1.40 ஆகாது. ஊர்வலம் பெரும்பாலும் மதியத்தை ஒட்டித்தான் கிளம்பும், சொன்ன நேரத்துக்குக் கிளம்பினால் ஆச்சரியம். நாலு மணி நேரம் நடக்கும். இரவு விமானமாக மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் முதல் நிறுத்தம் வரை நடந்துவிட்டு அங்கிருந்தே டாக்ஸி பிடிக்கலாமா என்று யோசிக்காதீர்கள், தெருவை அடைத்திருப்பார்கள், வண்டி உள்ளே வராது. ஊர் நடுவிலிருந்து விமான நிலையத்துக்கு டாக்ஸி 36 டாலர், நிர்ணயித்த விலை. இரண்டு பேர் பகிர்ந்தால் பாதி.

கொன்றை:

இரவு 8 மணிக்கு மாற்றிவிட்டேன். கட்டண வித்தியாசத்தை நெறியாளரிடம் கேட்கப்போவதில்லை. வெள்ளி மதியம் சலவைக்கடை நடைக்கு என் அமர்வில் வாசிக்கும் இன்னொருவரும் வருகிறார், ப்ரூக்ளினில் பித்தளை வாத்தியக் குழுக்கள் பற்றி ஆய்வு செய்பவர். ஹோகன் காப்பகத்துக்கு எழுதினேன். எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். என்ன சொல்வது?

நூலகப்பூனை:

நேர்காணல் ஒலிநாடாக்கள் வேண்டும் என்று எழுதாதீர்கள். அவற்றில் பெரும்பகுதி டுலேனின் இணையத்தளத்திலேயே கேட்கக் கிடைக்கிறது, சுருக்கக் குறிப்புகளும் உண்டு. பித்தளை பேண்டுக்காரர்களின் நேர்காணல்கள் இரண்டு மூன்றை வீட்டிலிருந்தே கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே இருக்கும் கொஞ்ச நேரத்தில் இணையத்தில் இல்லாததை வாங்கிப் பாருங்கள். ஊர்வலப் புகைப்படங்கள், பேண்டுகள் கையில் வைத்து வாசித்த பாட்டுத் தாள்கள் இருந்தால் அவை. நடந்துகொண்டே படிக்கும் தாளை எவ்வளவு சிறிதாக வெட்டி வைத்திருந்தார்கள், எந்தப் பாட்டுக்குத் தாளே இல்லை என்பதைப் பாருங்கள். வியாழன் காலை போய்விடுங்கள். பென்சில் கொண்டுபோகவும், பேனாவை உள்ளே விடமாட்டார்கள்.